தந்தையின் ஆடை

உழைப்போர் உழைக்கும்போதே பாடிய பாடல்கள் உலகின் பல பகுதிகளிலும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியிலே பருத்தி கொய்தோரும் தண்டவாளம் பதித்தோரும் அவ்வாறு பாடினர். கையின் அசைவே அவர்தம் பாட்டுக்குத் தாளமாயிற்று. இயந்திரத்தின் வருகையோடு இவ்வுறவு அறுந்தது. ஆலையின் பேரிரைச்சலில் ஒருவன் வாய்விட்டுப் பாடினும் அருகில் நிற்பவனுக்கு அது கேளாது. ஆதலின், ஆலை வாழ்வைப் பற்றிய பாடல் பெரும்பாலும் ஆலைக்கு வெளியிலேயே பிறக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு பிறந்த பாடல்களுள் ஒன்று புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் பாடிய ‘ஃபக்ரறி’ ஆகும். 1978ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த ‘டாக்னஸ் ஒன் த எட்ஜ் ஒஃப் ரவுண்’ என்னும் இசைத்தட்டில் இஃது இடம்பெற்றது. இரண்டேகால் நிமிட அளவினதே இப்பாடல். றொக் இசைக்கு இயல்பான ஆரவாரம் இதில் இல்லை. கிராமிய இசையின் சாயலில் மெல்ல நடக்கின்றது. அதிகாலையில் ஆலைச் சங்கு ஊதுகின்றது. ஒரு மனிதர் எழுந்து உடையணிந்து, மதிய உணவைக் கையிலெடுத்துக்கொண்டு புறப்படுகின்றார். மகன் பார்த்துக்கொண்டிருக்கின்றான். அந்த ஆலை அவருடைய செவிப்புலனைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்கின்றது; அவருக்குச் சீவனோபாயம் அளிப்பதும் அதுவே. மாலையில் வாயிற்கதவுகள் வழியே மனிதர் வெளியே வருகின்றனர். அவ்வளவுதான் பாடல்.

ஸ்பிறிங்ஸ்ரீன் 1949இல் பிறந்து, நியூ ஜேர்சி மாநிலத்தின் ஃபிறீஹோல்ட் என்னும் சிறு நகரத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் கம்பள ஆலைத் தொழிலாளியாகவும், மோட்டார் வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளியாகவும், சிறைக் காவலராகவும், பேருந்துச் சாரதியாகவும் பணியாற்றியவர். எத்தொழிலும் அவருக்கு நிலைக்கவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறையில் மௌனமாக அமர்ந்திருப்பது அவர் வழக்கம். நீண்ட தலைமயிரும் கித்தாருமாகத் திரிந்த மகனுக்கும் அவருக்கும் இடையே பேச்சுக் குறைவு, பூசல் மிகுதி.

இப்பாடலில் முதலாளி இல்லை, தொழிற்சங்கம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. பிரச்சினையைக் காட்டிவிட்டுத் தீர்வு கூறாது நின்றுவிடுகின்றது என்று குறை கூறுவோர் இருக்கலாம். அக்குறையில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும் பாடலின் இறுதிப் பகுதியை ஊன்றி நோக்குதல் வேண்டும். வேலை முடிந்து வெளியேறுவோரின் கண்களில் உயிர்ப்பு இல்லை. அன்றிரவு யாரோ ஒருவர் அடிபடப்போகின்றார் என்ற எச்சரிக்கை அங்கே எழுகின்றது. பகல் முழுவதும் அடக்கப்பட்ட சினம் தன்னை அடக்கியவனிடம் செல்வதில்லை. மதுக்கடைக்கும் அடுக்களைக்கும் பிள்ளைகளிடத்துக்குமே செல்கின்றது. பொருளாதார நூல்கள் எளிதிற் கணக்கிட்டுக் காட்டாத இச்செலவினை இப்பாடல் காட்டுகின்றது. அதனை ஏற்று அநுபவித்த பிள்ளையே அதனைக் கூறுகின்றான் என்பதும் கருதத்தக்கது.

இனி, மற்றொரு வினா எழுகின்றது. ஆலையில் ஒரு வாரமேனும் உழைத்தறியாத ஒருவருக்கு ஆலையைப் பாடும் உரிமை உண்டா? இவ்வினாவை எழுப்பியவர் ஸ்பிறிங்ஸ்ரீனே. 2016இல் வெளிவந்த தன் வரலாற்று நூலிலும், 2017, 2018ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் நகரின் புறோட்வே அரங்கில் நிகழ்த்திய தனி நிகழ்ச்சியிலும், தாம் உடலுழைப்பு அறியாதவர் என்பதை அவர் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். தம் தந்தையின் ஆடையை அணிந்துகொண்டே பாட்டுத் தொழிலுக்குச் சென்றதாகவும் கூறினார். தந்தையின் அன்பைப் பெற இயலாத பிள்ளை அவரைப் போலவே ஆகிவிட முயன்ற முயற்சி அது. இதனைப் போலி என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அவர் தந்தையாரின் தோற்றத்தைப் புனைந்தாரேயன்றி அவருடைய மௌனத்துக்குப் பொய்யான சொற்களைப் புகுத்தவில்லை. பாடலில் வரும் தொழிலாளி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

இவ்விடத்தில் பிறிதொன்றும் நினைக்கத்தக்கது. அக்குடும்பத்தில் நாள் தவறாது வேலைக்குச் சென்று வருவாய் ஈட்டியவர் சட்ட அலுவலகமொன்றில் செயலாளராகக் கடமையாற்றிய தாயாரே. மகனுக்குக் கித்தார் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவருடைய உழைப்பைப் பற்றி இப்பாடல் ஒன்றும் கூறவில்லை. அவருக்கான ‘த விஷ்’ என்னும் பாடல் 1987இல் ஒலிப்பதிவாகி 1998இலேதான் வெளிவந்தது. மகிழ்ச்சியோடு வேலைக்குச் சென்றவரின் பாடல் பதினொரு ஆண்டுகள் காத்திருக்க, மனமொடிந்து சென்றவரின் பாடல் முந்திக்கொண்டது. பிள்ளைகளின் நெஞ்சில் நன்றியைவிட விடைகாணா வினாவே முதலிற் குரல் பெறுகின்றது போலும்.

ஆலை இரைச்சலில் செவி மந்தமாகிய ஒருவருக்கு, செவியாலன்றி வேறெவ்வாறும் நுகர முடியாத ஒன்றையே மகன் காணிக்கையாக்கினான். வீட்டிலே அவரிடம் நேரிற் சொல்ல முடியாததை, அவரைப் போன்ற தந்தையரைக் கொண்ட ஆயிரமாயிரம் பேர் அரங்குகளில் நின்று கேட்டனர்.