காலிக் கூட்டின் ஜாதகம்

ஒரு தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், இம்மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. விசையை அழுத்தியதும் முதல் மூன்றும் தீர்ந்துவிடுகின்றன. கூடு மட்டும் சூடாக வெளியே வந்து விழுகிறது. நான்கில் பெரும்பாலும் விலை கூடியதும் அதுதான். ஆனாலும் டெக்சாஸில் நான் சுடப் போகும் திடலில் பாதிப்பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மீதிப்பேர் குனிந்து பொறுக்குகிறோம். இங்கே எல்லோரும் அதை ‘பிராஸ்’ என்றுதான் சொல்வோம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவதற்குப் பெயர் ரீலோடிங்.

பொறுக்குவதற்கு வாளியும் வலையும் முதுகும் போதும். சேமிப்பது வேறு காரியம். ஒரு கூடு எந்தத் துப்பாக்கியில் வெடித்தது, எத்தனை முறை வெடித்தது, யார் கையில் இருந்தது என்பது தெரிந்தால்தான் அது பண்டம். தெரியாவிட்டால் எடைக்குப் போடும் உலோகம். கூட்டோடு அதன் ஜாதகத்தையும் சேர்த்து வைப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம் என்று நான் நம்புகிறேன். மற்ற வேலைகளெல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன.

காரணம் உலோகத்திலேயே இருக்கிறது. தோட்டாப் பித்தளை என்பது எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். மருந்து எரியும்போது 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரைக்கும், .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவில் 62,000 வரைக்கும் போக அனுமதி உண்டு. அந்தக் கணத்தில் கூடு உப்பி, துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரளவு சுருங்கிச் சுவரை விடுகிறது. அதனால்தான் இழுத்தால் வெளியே வருகிறது. உப்பவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். இரண்டையும் பித்தளை போலச் செய்யும் மலிவான உலோகம் வேறு இல்லை. இரும்புக் கூடுகளும் அலுமினியக் கூடுகளும் சந்தையில் இருக்கின்றன. பெரும்பாலும் அவை ஒருமுறைக்கே.

ஆனால் ஒவ்வொரு முறை உப்பும்போதும், டை என்னும் அச்சில் வைத்து மறுபடி அழுத்தும்போதும், பித்தளை கொஞ்சம் இறுகுகிறது. இறுகிய உலோகம் வளைய மறுத்துப் பிளக்கும். முதலில் பிளப்பது பெரும்பாலும் கழுத்து. அது கண்ணுக்குத் தெரியும், ஆபத்தும் குறைவு. நான் அஞ்சுவது அடிப்பாகத்தை. தோளும் கழுத்தும் உள்ள ரைஃபிள் கூடு சுடச்சுட நீள்கிறது. .308-க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம்; அதைத் தாண்டினால் வாயை அரிந்து 2.005-க்குக் கொண்டுவருவோம். அப்படி அரிந்தெடுக்கும் பித்தளை எங்கிருந்தோ நகர்ந்து வந்ததுதானே? அடியின் கெட்டிப் பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துபோயிருக்கும். வெளியே மெல்லிய பளபளப்பான வளையம் தெரிந்தால் கூடு அந்த இடத்தில் இரண்டாகக் கழன்றுவிடும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். வளையம் தெரியாவிட்டாலும், ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, முனையைச் சற்று வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரோடு உரசி மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் முனை அதில் தட்டும். எத்தனையோ விலையில் கருவிகள் விற்கிறார்கள். இந்தக் கம்பியை நான் இன்னும் கைவிடவில்லை.

கூட்டின் அடியில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிக்கப் பழகுவது தனி இன்பம். மிசௌரி மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் ஊரில் 1941-இல் தொடங்கிய லேக் சிட்டி ராணுவத் தோட்டா ஆலை ‘எல்.சி.’ என்று பொறித்துப் பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையும் போடும். வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் நேட்டோ தரம். ராணுவக் கூடுகளில் பிரைமர் அசையாதபடி குழியின் விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த நசுக்கலை அரிந்தோ அழுத்தியோ நீக்காமல் புது பிரைமர் ஏறாது. கழுத்தில் நீலமும் தவிட்டு நிறமுமாக ஒரு சாயல் இருக்கும். அது அழுக்கல்ல, ஆலையில் கழுத்தைச் சூடாக்கி மிருதுவாக்கிய தடம்.

உள்ளேயும் பார்க்க வேண்டும். பிரைமர் குழியின் நடுவே ஒரே துளை இருந்தால் பாக்ஸர் முறை: பழைய பிரைமரை ஓர் ஊசியால் தள்ளிவிடலாம். இரண்டு சிறு துளைகள் என்றால் பெர்டான் முறை: ஊசி போகாது, வீட்டில் நிரப்புபவருக்குத் தலைவலி. எட்வர்ட் பாக்ஸர் பிரிட்டிஷ் அதிகாரி, ஹைரம் பெர்டான் அமெரிக்கர். இரண்டுமே 1860-களின் கண்டுபிடிப்பு. அமெரிக்கா பிரிட்டிஷ்காரரின் முறையை எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவின் பெரும்பகுதி அமெரிக்கரின் முறையை. அமெரிக்காவில் ரீலோடிங் இப்படி வீட்டுக்கு வீடு பரவியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

பிரிப்பதைக் கழுவுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். .22 கூடு 9 மி.மீ. கூட்டுக்குள் நுழையும், 9 மி.மீ. .40-க்குள்; .40, .45-க்குள். உருட்டிக் கழுவும் டம்ப்ளர் இயந்திரத்தில் ஒன்றாகப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு உள்ளே அழுக்கு அப்படியே நிற்கும். .380 கூடு 9 மி.மீ. கூட்டைவிட இரண்டே மில்லிமீட்டர் குட்டை. வேகமாகப் பார்க்கும் கண் ஏமாறும். .45-இல் இன்னொரு கண்ணி உண்டு. பெரிய பிரைமர் குழிதான் அதன் வழக்கம், சில தயாரிப்புகளில் சிறிய குழி வருகிறது. கவனிக்காமல் பெரிய பிரைமரை அதில் அழுத்தினால் பிரைமர் நசுங்கி வெடிக்கக்கூடும். ஒரு காந்தத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை முலாம் பூசிய இரும்பு பித்தளை போலவே மினுங்கும்.

கழுவுவது பற்றிக் கண்டிப்பாக ஒன்று. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டின் கரியில் அந்த ஈயம் இருக்கும். சோளச்சக்கைத் தூளில் போட்டு உலர்வாக உருட்டினால் அது தூசியாக எழும். வீட்டுக்குள், அதுவும் குழந்தைகள் நடமாடும் இடத்தில், இதைச் செய்யவே கூடாது. நான் தண்ணீரும் ஸ்டீல் ஊசிகளும் போட்டு உருட்டும் முறைக்கு மாறியதற்கு இதுதான் காரணம், பளபளப்பு அல்ல. கையுறை போடுங்கள். வேலை முடியும்வரை எதையும் வாயில் வைக்காதீர்கள்.

அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷையும் கூட்டின் மேல் தடவக் கூடாது. இந்த விதிக்குப் பின்னால் இந்தியக் கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது, ஒருமுறைகூடச் சுடாத கூடுகளின் கழுத்துகள் வெடித்திருந்தன. பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள்: குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஆலையில் இழுத்து நீட்டியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டு பித்தளையைப் பிளந்துவிடுகிறது.

அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் அனீல் செய்கிறோம். கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடிகள் சுடரில் சூடாக்கினால் உலோகத்தின் மணிகள் புதிதாக அமைந்து கழுத்து மிருதுவாகிறது. கூட்டின் ஆயுள் நீள்கிறது. அடிப்பாகம் மட்டும் ஒருபோதும் சூடேறக் கூடாது. மிருதுவான அடி 62,000 பவுண்டு அழுத்தத்தைத் தாங்காது. பழைய காலத்தில் தட்டில் தண்ணீர் ஊற்றி, கூடுகளை அதில் நிற்கவைத்து, கழுத்தை மட்டும் சுட்டார்கள். இன்று இயந்திரம் வந்துவிட்டது. எதுவானாலும், ஒரே தொகுதியில் எல்லாக் கூடும் ஒரே அளவு சூடு வாங்க வேண்டும்.

தொகுதி என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றாக வாங்கியவை ஒன்றாகச் சுடப்பட்டு, ஒன்றாக அரியப்பட்டு, ஒன்றாக அனீல் ஆகி, ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு சீட்டு: எந்த ஆலை, எந்தத் துப்பாக்கி, எத்தனையாவது முறை. அதில் ஒன்று கழுத்து பிளந்தால் மற்றவற்றையும் எடுத்துப் பார்ப்பேன். அடி வளையம் ஒன்றில் தெரிந்தால் தொகுதி முழுவதும் குப்பைக்கு. கஞ்சத்தனம் இந்த இடத்தில் நுழையவே கூடாது.

இந்தக் கணக்கிலெல்லாம் சேராதது .22 கூடு; அதைப் பெரும்பாலும் யாரும் மீண்டும் நிரப்புவதில்லை. அதன் பிரைமர் மருந்து விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. ஆனால் அதுவும் வீணில்லை என்று காட்டியவர் ஃப்ரெட் ஹண்டிங்டன். இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் கிடைக்காத நாட்களில், கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், சுட்ட .22 கூடுகளையே குண்டுகளின் மேலுறையாக்கும் அச்சுகளைச் செய்தார். 1943-இல் அப்படித் தொடங்கியதுதான் இன்று ரீலோடிங் மேசைகளில் பரவலாகக் காணும் ஆர்.சி.பி.எஸ். நிறுவனம்.

விற்பதற்கு வருவோம். ராணுவம் சுட்டுக் கழித்த கூடுகள் இந்தச் சந்தையின் பெரிய ஊற்று. 2009-இல் பாதுகாப்புத் துறை அவற்றை உருக்குலைத்துத்தான் விற்க முடியும் என்றது. மொன்டானா செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸும் ஜான் டெஸ்டரும் தலையிட்டார்கள். அந்த மார்ச்சிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. உருக்குலைந்திருந்தால் எடைக்குத்தான் போயிருக்கும்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பவோ காலிக் கூட்டை விற்கவோ மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தோட்டா நிரப்புவதைத் தொழிலாகச் செய்யத் தேவை. இந்தியாவில் ஆயுதச் சட்டம் வேறு: உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். திடல்களிலும் வழக்கம் ஒன்றுபோல் இல்லை. பல வணிகத் திடல்களில் தரையில் விழுந்தது திடலுக்கே சொந்தம். கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள்.

‘ஒருமுறை சுட்டது’ என்று எழுதி விற்றால் அதிக விலை கிடைக்கும். புதுப் பெட்டியைப் பிரித்து நானே சுட்ட கூட்டுக்கு மட்டும்தான் அந்தச் சொற்களை எழுதுவேன். தரையில் பொறுக்கியதற்குத் ‘திடலில் பொறுக்கியது’ என்றுதான் சீட்டு. வாங்குபவர் அதை முகத்துக்கு முன்னால் வெடிக்கவைக்கப் போகிறார். ராணுவக் கூட்டில் நசுக்கல் நீக்கியதா இல்லையா என்றும், கழுவியதா கழுவாததா என்றும் எழுதுவேன். பிளந்தவற்றையும் வளையம் விழுந்தவற்றையும் குறடால் வாயை நெரித்துவிட்டுப் பழைய உலோக வாளியில் போடுவேன். நெரிக்காமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி நிரப்பிவிடுவார்கள். அந்த வாளியையும் கடைக்கு எடுத்துப்போகும் முன் ஒருமுறை கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சுடாத தோட்டா ஒன்று கலந்திருந்தால் அது உலைக்குப் போகும்.