எழுபதிலிருந்து எழுபத்தெட்டு

பவானி ஜமுக்காளத்தைப் பற்றி எழுத வருகிறவர்களுக்குக் குறைவில்லை, அதை நெய்து கைகால் இறுகிப்போனவர்கள் வைத்தியத்துக்கு எங்கே போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை என்றார் நண்பர். அவர் சொல்லித்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் கிளினிக்குக்குப் போனேன். தரைத்தளத்தில் இருந்தது. முட்டி வலிக்காரர்களை மாடி ஏறவைக்கும் கிளினிக்குகளைப் பார்த்துப் பழகியவனுக்கு அதுவே நல்ல சகுனம்.

மூலையில் மெழுகுத் தொட்டி. திரவ பாரஃபின் கலந்த மெழுகு 52 டிகிரியில் உருகியே கிடக்கிறது. விரல் மடங்காத பெரியவர் ஒருவர் கையை முக்கி எடுத்தார், வெள்ளையாகப் படிந்தது, மறுபடி முக்கினார். ஏழெட்டுத் தரம் ஆனதும் பாலித்தீன் உறை, மேலே துண்டு. அதே சூட்டில் தண்ணீர் என்றால் கை தாங்காது. மெழுகு சூட்டை மெதுவாகத்தான் விடும். அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தையும் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். மெகாஹெர்ட்ஸ் வந்ததும் என் கவனம் போய்விட்டது.

போனது அவர் கையிலிருந்த கோணமானிக்கு. ஜாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் பாகைமானிக்கு இரண்டு நீளக் கைகள் முளைத்தது மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான். "கையைப் பக்கவாட்டுல தூக்குனா 180 வரோணுங்க. இந்தம்மாவுக்கு 70."

அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குழித்தறியில்தான் பாதி ஆயுசு. தறிதான் தோளைக் கெடுத்தது என்று எழுதிக்கொள்ளப் போனேன். "தறியைவிடச் சர்க்கரைதானுங்க" என்று தடுத்தார். மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்குகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகும்.

ஒரு கையால் அம்மாவின் தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் புஜத்தைத் தூக்கினார். பிடிக்காவிட்டால் பட்டையும் சேர்ந்து ஏறிவிடுமாம். "கை ஏறிடுச்சுன்னு அவங்களுக்குச் சந்தோசம். மூட்டு அங்கயேதான் இருக்கும்." அரைமணி நேரம் அந்தப் பிடி தளரவில்லை. மறுபடி அளந்தபோது 78.

நாலரை வருடப் படிப்பு முடித்துக் கோவையில் ஓர் ஏஜென்சிக்காக வீடு வீடாகப் போனவர் இவர். நோயாளி கட்டுவதில் பாதி ஏஜென்சிக்கு. பெட்ரோல் இவர் கைக்காசு. பத்து சிட்டிங் பேக்கேஜில் ஒருவருக்கு ஆறிலேயே சரியாகி, போதும் என்று சொல்லிவிட்டு வந்ததற்குத் திட்டு வாங்கினார். குணமானால் நஷ்டம் என்று கணக்குப் போடுகிறவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசே வீட்டுக்கு ஆள் அனுப்பி இயன்முறை சிகிச்சை தருகிறது. தொடுகிற கைக்கும் வலிக்கிற தோளுக்கும் நடுவே உட்கார்ந்து பாதியை எடுக்க ஒரு போன் நம்பர் போதும் என்றால், நாலரை வருடம் படித்தவர்தான் ஏமாளி.

"கரண்ட் வெக்கலீங்களா அம்முணி?" என்று அம்மா இயந்திரத்தைக் காட்டினார்.

"அது வலியக் கொஞ்சம் கொறைக்குமுங்க, அவ்வளவுதான். வீட்ல செவுத்துல வெரலால ஏறிப் பழகுங்க, கை தானா ஏறும்."

அம்மாவுக்குத் திருப்தியில்லை. பர்ஸைத் திறந்தபடி, "அப்ப காசு கொறைச்சுக்குவீங்கள்ல?" என்றார்.

"கரண்ட் வெச்சாத்தானுங்க கொறைக்கோணும். அப்ப நான் சும்மால்ல உக்காந்திருப்பேன்!"