ஆறாவது டம்ளர்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் உதகையில் விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உப்பைத் தூவியது போல் உறைபனி படிந்து கிடக்கும். குழாயைத் திறந்தால் விரல்கள் விறைத்துப்போகும். வீட்டில் ஒருவர் தும்மினால் இரண்டொரு நாளில் எல்லோரும் தும்முவோம். அந்த நாட்களில் ஞாயிறுதோறும் மாலையில் அம்மா ஆட்டுக்கால் சூப் வைப்பார்கள். அப்பா, பாட்டி, சகோதரிகளாகிய நாங்கள் மூவர் என எல்லோரும் அடுப்படியில் அமர்ந்து ஊதி ஊதிக் குடிப்போம்.

சென்ற ஆண்டு அம்மாவே காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். "இந்த வாரம் நாங்களே வைக்கிறோம்" என்று துணிந்து அடுப்படிக்குள் நுழைந்தோம்.

பாட்டி பலகையில் அமர்ந்து வழி சொன்னார்கள். கடையில் வாட்டி நறுக்கித் தந்த இரண்டு கால்களை மஞ்சள் தூள் தேய்த்து மும்முறை கழுவினோம். மிளகு, சீரகம், கொத்துமல்லி விதை மூன்றையும் அம்மியில் நுணுக்கினோம். சின்ன வெங்காயத்தையும் மலைப்பூண்டையும் தட்டிப் போட்டு, அம்மா ஊற்றுவது போலவே ஏழு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினோம்.

ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டியால் அழுத்திப் பார்த்தோம். கால் கல்லாகவே இருந்தது!

"அவசரப்படாதீர்கள் பிள்ளைகளா. உங்கள் அம்மா மூன்று மணி நேரம் வேக வைப்பாள்" என்றார்கள் பாட்டி.

அப்போதுதான் அறிவியல் பாடம் நினைவுக்கு வந்தது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் குறைவு. கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் இங்கே சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே எலும்பைச் சுற்றிய தசைநார் கரைந்து சாற்றில் இறங்க நெடுநேரம் பிடிக்கிறது. தேர்வில் மதிப்பெண்ணுக்காக எழுதிய விடை, அம்மாவின் மூன்று மணி நேர உழைப்பு என்று அன்று விளங்கிற்று.

ஒருவழியாகச் சூப் தயாரானது. ஆறு டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றினோம். ஐந்துதான் நிரம்பின. ஆறாவதற்குப் பாத்திரத்தில் எலும்புதான் மிஞ்சியது.

"அம்மா, நீங்கள் மட்டும் எப்படி ஆறு டம்ளர் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

அம்மா சிரித்தார்கள். "நான் எங்கே ஆறு எடுத்தேன்? கடைசியில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சட்டியை அலசிக் குடிப்பேன். அதுவும் சூப்தானே!"

எங்களுக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை ஆண்டுகள் அம்மாவின் அருகிலேயே அமர்ந்து குடித்திருக்கிறோம்! ஒரு நாளாவது அவர்கள் டம்ளரை எட்டிப் பார்த்தோமா? அன்று முதல் டம்ளரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நாங்கள் ஐவரும் பகிர்ந்துகொண்டோம்.

அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், சூப் சளியைப் போக்கும் மருந்து அன்று என்றார். ஆனால் காய்ச்சலில் உடம்பு இழக்கும் நீரை ஈடுசெய்யவும், தொண்டைக்கு இதமாகவும் சூடான நீராகாரம் நல்லது என்றார். அம்மா நான்கைந்து நாட்களில் எழுந்து நடமாடினார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒன்பது டம்ளர் தண்ணீர் வைக்கிறோம். நீர்த்துப்போகாமல் இருக்க ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும், எங்கள் மலையில் விளையும் இரண்டு கேரட்டும் சேர்க்கிறோம். செலவு அதிகமில்லை. ஆறு டம்ளரும் நிரம்புகின்றன.

அன்புத் தோழியரே! இன்று மாலை நீங்களும் அடுப்படிக்குள் சென்று, உங்கள் அம்மாவின் டம்ளரில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

— ஒன்பதாம், ஏழாம், ஐந்தாம் வகுப்புகளில் பயிலும் மூன்று சகோதரியர்