ரஸா வரைந்த இருட்டு

மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில், காட்டை ஒட்டிய கிராமம் பாபரியா. வனத்துறை ஊழியரின் மகனாக 1922-ல் அங்கே பிறந்தார் ஓவியர் எஸ்.எச்.ரஸா. காட்டு இரவு என்றாலே அந்தச் சிறுவனுக்குக் குலை நடுங்கும். விடிந்தால்தான் உயிர் திரும்பும். முதுமையிலும் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

1950-ல் பாரிஸ் போனார். பிரெஞ்சு கிராமங்கள், வீடுகள், தேவாலயங்கள் எனக் கண்ணெதிரே இருந்ததை எண்ணெய் வண்ணத்தில் அடர்த்தியாகத் தீட்டினார். பெயரும் கிடைத்தது. ஆனால் அவருக்குள் இருந்த காடு வேறு.

1962-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஓவியம் கற்பிக்கப் போனவர், மார்க் ராத்கோ போன்றவர்களின் படைப்புகளைப் பார்த்தார். உருவமே இல்லாமல், நிறத்தாலேயே மனதை அசைக்க முடியும் என்று அவை காட்டின. அந்தப் பத்தாண்டுகளிலேயே அக்ரிலிக் வண்ணத்துக்கும் மாறினார்.

எண்ணெய் வண்ணம் உலர நாள்கணக்காகும். ஈரத்தின் மேல் அடுத்த நிறத்தைத் தீட்டினால் இரண்டும் கலந்து கலங்கிவிடும். அக்ரிலிக் தண்ணீரில் கரைவது. மெல்லிய பூச்சு சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. கறுப்பைப் பூசி, சற்றுப் பொறுத்து அதன் மேல் மஞ்சளை இழுத்தால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். ஆனால் தயங்கித் தயங்கி வரைபவருக்கு இது ஒத்துவராது. யோசித்து முடிப்பதற்குள் தட்டில் இருக்கும் வண்ணமே இறுகிவிடும். கை வேகமாகப் போக வேண்டும். அப்படிப் போகும் கைக்கு உதவுவது, மனதில் ஏற்கெனவே ஊறிக் கிடப்பதுதான்.

1972-ல் அக்ரிலிக்கில் அவர் வரைந்த 'தபோவன்' ஓவியத்தைப் பாருங்கள். மரம் என்று எதையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. இருட்டுக்குள் சிவப்பும் ஆரஞ்சும் கனல்கின்றன. ஆனாலும் அது காடுதான் என்று பார்த்ததுமே தெரிகிறது. ஒரு நிலத்தை அடையாளம் காட்ட அதன் வடிவம் மட்டுமே வேண்டும் என்பதில்லை, அது நமக்குள் விட்டுப்போன பயமும் நிம்மதியும் போதும்.

அறுபது ஆண்டுகள் பிரான்ஸில் வாழ்ந்துவிட்டு, 2010-ல் இந்தியா திரும்பினார். 2016-ல் மறைந்தபோது, அவர் விருப்பப்படி மண்ட்லாவில், தந்தையின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இருட்டை அவர் ஒருபோதும் தன் படங்களிலிருந்து விரட்டவில்லை. பின்னாளில் அவரது அடையாளமாகிப்போன 'பிந்து' ஓவியங்களின் நடுவிலும் பெரும்பாலும் கறுப்பு வட்டம்தான். இரவைக் கண்டு நடுங்கிய அந்தப் பிள்ளை, வளர்ந்த பிறகு கறுப்பை எல்லா நிறங்களுக்கும் தாயாகவே கருதினார்.