பிந்தி வந்தவர்

அத்தாவின் தகரப்பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கும் பழைய ரசீதுகளுக்கும் இடையே, 1968ஆம் ஆண்டு ஜூன் மாதச் செய்தித்தாள் நறுக்கு ஒன்று மடிந்து கிடக்கும். ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்த செய்தி அது. அப்போது அத்தாவுக்கு அகவை இருபத்திரண்டு. வியட்நாம் போரை நிறுத்த வந்த மனிதரைக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார். நாமும் அவ்வாறே நம்பி வளர்ந்தோம். நாற்பதை நெருங்கும் வேளையில் அந்தத் தேர்தலின் வரலாற்றை முறையாகப் படித்தபோதுதான், கென்னடிக்கு முன்னரே அப்பணியில் இறங்கிய மற்றொருவர் இருந்தார் என்பதை அறிந்தோம். தமிழ்த்துறை மலரில் அமெரிக்கத் தேர்தலுக்கு என்ன வேலை என்று நம் மாணவர்கள் வினவலாம். கட்டுரையின் இறுதியில் ஒரு கவிஞர் வருவார், அதுவரை பொறுத்தருள்க.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது அக்கட்சியின் மாநாடு. அம்மாநாட்டுக்குச் செல்லும் பேராளர்களைப் பெறுவதற்காக மாநிலந்தோறும் நடைபெறுவதே முதனிலைத் தேர்தல். 1968இல் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த லிண்டன் ஜான்சன் குடியரசுத் தலைவராக இருந்தார். போரை நடத்திவந்த அவரை எதிர்க்க அக்கட்சிப் பெரியோர் எவரும் துணியவில்லை. ராபர்ட் கென்னடியை அணுகினர்; அவர் தயங்கினார். 1967 நவம்பர் 30 அன்று துணிந்து களம் இறங்கியவர் மினசோட்டா மாநிலத்தின் செனட்டர் யூஜின் மெக்கார்த்தி.

அவருக்குப் படையாக வாய்த்தவர்கள் கல்லூரி மாணவர்கள். நியூ ஹாம்ப்ஷயரின் பனிக்காலத்தில் நீண்ட முடியைக் கத்தரித்து, தாடியை மழித்துக்கொண்டு, வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டார்கள். மார்ச் 12 அன்று முடிவு வந்தது. ஜான்சனுக்கு ஏறத்தாழ 49 விழுக்காடு, மெக்கார்த்திக்கு 42. எண்ணிக்கையில் அது தோல்வியே. ஆயினும் பதவியிலிருக்கும் தலைவரை அசைத்துப் பார்க்கலாம் என்பதை அந்த 42 விழுக்காடு நாட்டுக்குக் காட்டிவிட்டது.

நான்கே நாள் கழித்து, மார்ச் 16 அன்று, ராபர்ட் கென்னடி தாமும் போட்டியிடுவதாக அறிவித்தார். தமையனார் ஜான் கென்னடி 1960இல் தம் போட்டியை அறிவித்த அதே செனட் மண்டபத்தில் நின்று அறிவித்தார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். படைக்கு முந்தியவர் மெக்கார்த்தி. இலை விரித்ததும் வந்தமர்ந்தவர் கென்னடி. பனியில் நடந்த மாணவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது. அவர்களுடைய கசப்பை நாம் குறை கூற மாட்டோம்.

2020 பிப்ரவரியில் இதை அத்தாவிடம் சொன்னோம். அவர் கேட்டார்: "தம்பி, ஊர் பற்றி எரியும்போது, முதலில் வாளி எடுத்தவன் எவன் என்றா கேட்பாய்? கென்னடி வந்த பதினைந்தாம் நாள் ஜான்சன் விலகினாரே, அதற்கு என்ன சொல்கிறாய்?"

அது உண்மைதான். மார்ச் 31 அன்று, தாம் இனிப் போட்டியிடப் போவதில்லை என ஜான்சன் அறிவித்தார். ஆனால் அதற்குக் கென்னடி மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. போரும் காரணம், மெக்கார்த்தியும் காரணம். ஜான்சன் விலகிய பின் இந்த இருவரும் யாருடன் மோதினர் என்பதே நம் கேள்வி. ஒருவரோடொருவர் மோதினர். இந்தியானாவிலும் நெப்ராஸ்காவிலும் கென்னடி வென்றார்; ஓரிகானில் மெக்கார்த்தி வென்றார்; கலிபோர்னியாவில் மீண்டும் கென்னடி, 46க்கு 42 என்ற அளவில். போரை எதிர்த்தவர்களின் வாக்கு இரண்டாகப் பிளந்தது. அதற்குள், அவ்விருவருக்கும் பின்னர் ஏப்ரல் 27 அன்று களம் புகுந்த துணைத்தலைவர் ஹியூபர்ட் ஹம்ப்ரி, ஒரு முதனிலைத் தேர்தலிலும் நிற்காமல், கட்சிப் பெரியோர் வழியாகப் பேராளர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். அன்றைய விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. "இரண்டு வாளியும் ஒன்றோடொன்று மோதித் தண்ணீர் தரையில் கொட்டிவிட்டதே, அத்தா" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை.

பிந்தி வருபவரின் அடி பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பவர்மீது விழுவதில்லை. அருகில் நிற்பவர்மீதே விழுகிறது. 2011 ஆகஸ்ட் 13 அன்று அயோவாவில் குடியரசுக் கட்சியினர் நடத்திய மாதிரி வாக்கெடுப்பில் மிஷெல் பாக்மன் முதலிடம் பெற்றார். அதே நாளில் டெக்சஸ் ஆளுநர் ரிக் பெர்ரி தென் கரோலினாவிலிருந்து தம் போட்டியை அறிவிக்க, பாக்மனின் வெற்றிச் செய்தி ஒரு நாள்கூடத் தனித்து நிற்கவில்லை. பெர்ரியும் நிலைக்கவில்லை. இருவரும் ஜனவரிக்குள் விலகினர். வேட்பாளரானவர் மிட் ராம்னி. நாம் அத்தாவுடன் வழக்காடிய அந்த 2020 பிப்ரவரியில் மைக்கேல் புளூம்பெர்க் தம் சொந்தப் பணத்தைக் கோடிகோடியாகச் செலவிட்டுக்கொண்டிருந்தார். ஜோ பைடன் தளர்ந்தார் என எண்ணி 2019 நவம்பரில் நுழைந்தவர் அவர். நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, மார்ச் 3 அன்று அமெரிக்க சமோவா என்னும் சிறு தீவுப் பகுதியை மட்டும் வென்று, மறுநாளே பைடனுக்கு ஆதரவளித்து விலகினார். அவர்மீது நமக்கு இரக்கம் எழவில்லை.

கென்னடியை அவ்வாறு தள்ள மனம் வரவில்லை. ஜூன் 5 அன்று நள்ளிரவு கடந்து, கலிபோர்னியா வெற்றியுரையை முடித்துத் திரும்பும்போது சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். அப்போதும் அவருடைய ஆதரவாளர் பலர் மெக்கார்த்தியிடம் செல்லவில்லை. ஆகஸ்டில் ஜார்ஜ் மெக்கவர்ன் என்னும் இன்னொருவரை நிறுத்தினர். சிகாகோ மாநாட்டில் ஹம்ப்ரி எளிதாக வென்றார். நவம்பரில் ரிச்சர்ட் நிக்சனிடம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் தோற்றார். போர் தொடர்ந்தது.

இவற்றையெல்லாம் கேட்ட அத்தா, நறுக்கை மடித்துப் பெட்டியில் வைத்தபடியே, "அந்த மற்றொருவர் பிறகு என்ன ஆனார்?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளில் மெக்கார்த்தியைப் பற்றி அவர் கேட்டது அதுவே முதல் முறை. செனட்டை விட்டு விலகினார் என்றோம். மீண்டும் போட்டியிட்டுப் பார்த்தார், 2005இல் எண்பத்தொன்பதாம் அகவையில் காலமானார், அரசியலுக்கு வருமுன் கல்லூரியில் பாடம் நடத்தியவர், கவிதை நூல்களும் வெளியிட்டவர் என்றோம்.

"கவிதை எழுதுகிற வாத்தியாரா? இதை நீ முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார் அத்தா.