சுண்ணாம்புச் சாந்து கற்பித்த பாடம்

கட்டட வேலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சிமெண்டு மூட்டைதான். ஆனால் இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு வயது சுமார் இருநூறு ஆண்டுகளே! இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ஆம் ஆண்டில்தான் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் நம் முன்னோர் எதைக் கொண்டு கட்டினார்கள்? 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய அம்மாளிகை இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அந்தச் சாந்தின் அருமையை நான் நேரில் கண்டது என் அப்பத்தா வீட்டு முற்றத்தில்.

சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூரில் அப்பத்தா தனியே வாழ்கிறார். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய வீடு அது. நடுவில் கருங்கல் பலகைகள் பாவிய முற்றம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கற்களின் சந்துகளில் முளைத்த புல்லை ஒழிக்க, பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மழைக்காலம் கழிந்ததும் முற்றத்தை ஒட்டிய சுவர்களில் உப்புப் பூத்தது. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இந்தச் சுவரை நம்பி உங்களை இங்கே விட்டுவைக்க முடியாது, அம்மா. வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள்" என்றார் அப்பா.

"பூட்டிய வீடு சீக்கிரம் விழுந்துவிடும், தம்பி. முதலில் நம் பழைய கொத்தனாரைக் கூப்பிடு" என்றார் அப்பத்தா.

எழுபது வயதைக் கடந்த அந்தக் கொத்தனார் தாத்தா, உளியால் சிமெண்டைப் பெயர்த்துக் காட்டினார். கடும் கோடையிலும் கல்லுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது! சில கற்கள் அமிழ்ந்து, வாட்டம் சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தது. "கல் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். சிமெண்டு அதற்கு இணங்காது, மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் மேலே உலர வழியில்லாமல் சுவரைத் தேடிப் போகும். சுண்ணாம்பு மூச்சு விடும், பாப்பா" என்றார் அவர்.

மே மாத விடுமுறையில் வேலை தொடங்கியது. கற்களுக்குச் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டுக் கொடுத்தது நானும் தம்பியும்தான். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றியபோது அது கொதித்துத் தெறித்தது. கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று எங்களைத் தூர நிறுத்தினார்கள். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு என்பது தாத்தாவின் கணக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்தார்கள். செங்கல் தூள் சேர்வதால் சாந்து ஈரத்திலும் இறுகுமாம்.

சாந்தைப் பரப்பி, கல்லை வைத்து, மரச்சுத்தியால் தட்டி, வாட்டத்தைச் சாக்கடைப் பக்கம் திருப்பினார்கள். பிறகு சந்துகளின் தூசியைத் துடைத்து, நீர் தெளித்து, சாந்தை உள்ளே அழுத்தி நிரப்பினார்கள். வெயிலில் விரைந்து காய்ந்தால் சாந்து பொடியாகிவிடும். ஆகவே ஈரச் சாக்குகளால் மூடினோம். நாள்தோறும் அவற்றை நனைப்பது என் வேலை. "சிமெண்டு என்றால் மறுநாளே நடக்கலாமே!" என்று அப்பா பொறுமை இழந்தார். தாத்தாவோ சிரித்துக்கொண்டார்.

இதில் நம் வேதியியல் பாடமும் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிய பின், சாந்து காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. கல் சாந்தாகி, சாந்து கல்லாகும் இந்த விந்தையைப் புத்தகத்தில் சமன்பாடாகப் படித்தபோது நான் உணரவில்லை!

அக்டோபரில் மழை வந்தது. முற்றத்து நீர் சாக்கடைக்கு ஓடியது. பழைய ஈரம் ஒரே பருவத்தில் மறைந்துவிடவில்லை. ஆயினும் சுவரில் புதிதாக உப்புப் பூக்கவில்லை. அப்பா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த மழையும் போகட்டும், அம்மா. இங்கேயே இருங்கள்" என்றார். அப்பத்தாவின் முகம் மலர்ந்ததைச் சொல்லவும் வேண்டுமோ!

அன்புத் தோழியரே! சிமெண்டு தாழ்ந்ததன்று. பாலத்துக்கும் அணைக்கும் அதன் உறுதி தேவை. ஆனால் பழைய கற்களுக்கு இடையே, கல்லைவிட மென்மையான சாந்தே தகும். என்றோ ஒருநாள் கல் அசைந்தால், சாந்து தான் உடைந்து கல்லைக் காக்கும். சாந்தை மீண்டும் பூசிக்கொள்ளலாம், கல்லை மீண்டும் பெற இயலுமா? குடும்பத்தில் இருவருக்கு இடையே நிற்பவர்களும் இப்படித்தான் இருக்க வேண்டும் போலும்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி