கசெட் மாறிப்போன இரவு

“அட, இது நம்ம சிகிரியாடா!”

அப்பாயி இப்படிக் கத்தியது 1982 கடைசியில், ஒரு சனிக்கிழமை இரவு. கண்டி திருகோணமலை வீதியில் அப்பா கணக்கு எழுதிய புடவைக் கடையின் மாடி அது. முதலாளியின் மருமகன் லண்டனிலிருந்து ஒரு வீடியோ டெக்கும் ஏழெட்டுக் கசெட்டும் கொண்டுவந்திருந்தார். கடை அடைத்த பிறகு வேலையாட்களின் குடும்பங்களையும் கூப்பிட்டு, பாய் விரித்து உட்காரவைத்துப் படம் காட்டுவார்கள். ‘படகோட்டி’ முடிந்து அடுத்த படம் போடப் போன பையன் கசெட்டை மாற்றிப் போட்டுவிட்டான். வந்தது லண்டன் டெலிவிஷனிலிருந்து பதிவுபண்ணிய ஆங்கிலப் பாட்டு. “எடுடா, எடுடா” என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பாறை வந்தது. உச்சியில் வெள்ளைக்காரப் பையன்கள். ஹெலிகொப்டரிலிருந்து எடுத்த காட்சி, சுற்றிச் சுற்றிக் காட்டியது. கீழே காடு.

எல்லோரும் வாயடைத்துப்போனார்கள். பாட்டுக்காக இல்லை. பாட்டு யாருக்கும் புரியவில்லை. ரூபவாஹினி டெலிவிஷன் தொடங்கியே ஒரு வருடம் ஆகவில்லை, அது 1982 பெப்ரவரி 15இல்தான் வந்தது. நம்முடைய ஊரையே டெலிவிஷனில் பார்த்துப் பழகாத கண்களுக்கு, லண்டன்காரன் காட்டிய சிகிரியா ஒரு அதிசயம்.

“தல சீவக்கூட நேரமில்லாமயா இவ்வளவு தூரம் ஏறுனானுக?” என்றார் அப்பாயி. அவர்களுடைய தலைமுடி அப்படி. மருமகன் பொறுமையாகச் சொன்னார்: “இல்ல ஆச்சி, அதுதான் இப்ப ஃபெஷன். இவனுங்க பேரு டுரான் டுரான்.”

“ஒரு தடவ சொன்னா போதாதாக்கும்?”

அந்த இரட்டைப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு கண்டி பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் பழைய சஞ்சிகைகளைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். ‘பார்பரெல்லா’ என்று 1968இல் வந்த ஒரு விண்வெளிப் படம். அதில் வரும் வில்லன் டாக்டர் டுராண்ட் டுராண்ட். கடைசி எழுத்தை வெட்டிவிட்டுப் பையன்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

ஊர் பர்மிங்ஹாம். கார்த் தொழிற்சாலைகளும் இரும்புப் பட்டறைகளும் நிறைந்த ஊர். 1978இல் அங்கே நிக் ரோட்ஸுக்கு 16 வயது, ஜோன் டெய்லருக்கு 18. இந்த இரண்டு பேரும்தான் முதலில் சேர்ந்தவர்கள். அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ட்ரம்ஸுக்கு ரோஜர் டெய்லர் வந்தார். ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையில் விளம்பரம் பார்த்து கிற்றாருக்கு ஆண்டி டெய்லர் வந்தார். மூன்று டெய்லர்கள், ஒருவருக்கொருவர் எந்தச் சொந்தமும் இல்லை. பாட ஆள்தான் கிடைக்கவில்லை. 1980 மே மாதம் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்த சைமன் லெ பொன், சிறுத்தைப் புள்ளி போட்ட இளஞ்சிவப்புக் காற்சட்டையும் கையில் ஒரு கவிதைக் கொப்பியுமாக வந்து நின்றார். காற்சட்டையைப் பார்த்துத்தான் எடுத்தார்களோ, கொப்பியைப் பார்த்து எடுத்தார்களோ தெரியாது. அந்தக் கொப்பியிலிருந்த வரிகள் பின்னால் பாட்டுகளாயின.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. பர்மிங்ஹாமில் ‘ரம் ரன்னர்’ என்று ஓர் இரவு விடுதி. போல் பெரோ, மைக்கல் பெரோ என்ற சகோதரர்கள் நடத்தினார்கள். பையன்களுக்குப் பயிற்சி செய்ய அங்கே ஓர் அறை கொடுத்தார்கள், கூடவே வேலையும் கொடுத்தார்கள். ஜோன் வாசலில் ஆள் பார்த்தார். ரோஜர் மேசைமேசையாகப் போய்க் கிளாஸ் பொறுக்கினார். ஆண்டி சமையற்கட்டில் நின்றார். நிக் இசைத்தட்டுப் போட்டார். ராத்திரி இந்த வேலை, பகலில் பயிற்சி. 1980 கடைசியில் ஹேசல் ஓ’கொனர் என்ற பாடகியின் சுற்றுப்பயணத்தில் முன்னால் வாசிக்க ஒரு வாய்ப்பு. அதற்குக் காசு கட்ட வேண்டும். மைக்கல் பெரோ தன் வீட்டைப் பணயம் வைத்துக் கட்டினார். அந்த வருடம் டிசம்பரில் இஎம்ஐ கம்பனி ஒப்பந்தம் போட்டது. 1981இல் முதல் பாட்டு ‘பிளானட் ஏர்த்’ பிரிட்டிஷ் பட்டியலில் 12ஆம் இடம். அதே வருடம் ‘கேர்ள்ஸ் ஒன் ஃபிலிம்’ 5ஆம் இடம்.

இதைப் படித்தபோது எனக்குக் கண்டி ‘பார்ட்டி’ ஒன்றின் ஞாபகம்தான் வந்தது. கல்யாண வீட்டில் பாட வருகிறவர்களை எங்கள் பக்கம் அப்போது பார்ட்டி என்றுதான் சொல்வோம். அந்தக் குழுவில் ஐந்து பேர். கிற்றார் வாசித்தவர் பேராதனை வீதியில் ரேடியோ திருத்துகிறவர், எங்கள் தெரு. ஓர்கன்காரர் மாத்தளைப் பக்கத்து முஸ்லிம். ட்ரம்ஸ்காரர் திகனைச் சிங்களவர், விக்டோரியா அணைக்கட்டு வேலையில் மேசன். பாடுகிறவர் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறவர். ஐந்தாமவர் எங்கள் கடையில் துணி கிழிப்பவர், தபேலாவும் கொங்காவும் அவர் கை. பயிற்சி எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த அரிசிக் களஞ்சியத்தில் நடந்தது. மூட்டைகளுக்கு நடுவே எம்பிளிஃபயர். வயர் ஒன்று எப்போதும் கழன்றுபோகும், அதற்கு முட்டுக்கொடுக்க அரிசி அளக்கும் சேரை வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்பது மணிக்குச் சுவரில் தட்டுவார். அதோடு சரி.

என்ன வாசித்தார்கள்? சவுந்தரராஜன் பாட்டில் தொடங்குவார்கள். சாப்பாடு முடிந்து இளவட்டங்கள் எழுந்ததும் ‘சின்ன மாமியே’. உரும்பிராய்க்காரர் நித்தி கனகரத்தினம் 60களின் பிற்பகுதியில், அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்தில் கட்டிய பாட்டு. பிறகு ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’. அந்த இடத்தில் சிங்களமும் தமிழும் கலந்து எல்லோரும் ஆடுவார்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்பட. கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பாட்டில் மின்சாரக் கிற்றாரை ஒலிக்கவைத்ததும் இதே 60களில்தான். ஆக, நம்மிடம் ஆள் இல்லை, பாட்டு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டைப் பணயம் வைக்க ஒரு மைக்கல் பெரோ இல்லை, அவ்வளவுதான். வைத்திருந்தாலும் எந்தக் கம்பனியிடம் போவது?

இன்னொன்றும் இல்லை. படம்.

1981 ஓகஸ்ட் 1இல் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. நாள் முழுக்கப் பாட்டுக் காட்சி. முதன்முதலில் போட்ட காட்சியை எடுத்தவர் ரசல் மல்கஹி என்ற ஆஸ்திரேலியர். இவரைத்தான் டுரான் டுரான் 1982 ஏப்ரலில் இலங்கைக்குக் கூட்டிவந்தது. ‘ரியோ’ என்ற இரண்டாவது அல்பம் வெளிவர ஒரு மாதம் இருந்தது. ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குப் போகும் வழியில் இங்கே இறங்கி மூன்று பாட்டுகளை எடுத்தார்கள். நாங்கள் மாடியில் பார்த்தது ‘சேவ் எ பிரேயர்’. சிகிரியாவும் பொலன்னறுவையும் வரும். மற்றொன்று ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’. அதில் லெ பொன் சந்தைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒரு பெண்ணைத் தேடி ஓடுவார். கொட்டும் மழையில் ஆற்றுக்குள்ளிருந்து தலையை மெல்ல மேலே தூக்குவார். அதற்கு முந்தைய வருடம் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் சாயலில் எடுத்தது. ஆண்டி டெய்லருக்கு இங்கத்தைய தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று படித்தேன். மகாவலித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

‘ரியோ’ அமெரிக்காவில் முதலில் எடுபடவில்லை. எம்டிவி இந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டது. 1983 மார்ச்சில் ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’ அங்கே 3ஆம் இடத்துக்கு ஏறியது. அடுத்த வருடம் பாட்டுக் காட்சிக்கென்று கிராமி கொடுக்கத் தொடங்கியபோது அதற்கும் பங்கு கிடைத்தது. 1985இல் ஜேம்ஸ் பொண்ட் படத்துக்குப் பாடிய பாட்டு அமெரிக்காவில் முதலிடம். இளவரசி டயானாவுக்குப் பிடித்த குழு என்ற பெயரும் வந்தது. வெறும் படத்தால் வந்த புகழ் என்று அப்போதே குறைசொன்னவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஜோன் டெய்லரின் பேஸ் கிற்றாரை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், விடுதி வாசலில் ஆள் பார்த்த காலத்துப் பயிற்சி அதில் இருக்கிறது. ஆனால் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது அந்தப் பாறைக்காகவும் அந்த மழைக்காகவும்தான். காட்சியில் நாட்டின் பெயர் எங்கும் வராது.

1983 ஏப்ரலில் உண்மையான இண்டியானா ஜோன்ஸே கண்டிக்கு வந்துவிட்டார். ஸ்பீல்பேர்க், ஹரிசன் ஃபோர்ட், பெரிய பட்டாளம். கதை வட இந்தியாவில் நடக்கிறது. இந்தியா அனுமதிக்காததால் கண்டி வட இந்தியாவானது. கிராமத்து மக்கள் சிங்களத்தில் பேசுவார்கள். படம் கண்டிக்கு வந்தபோது அந்த இடத்தில் கொட்டகையே சிரித்தது. அந்தப் பிரபலமான கயிற்றுப் பாலம் விக்டோரியா அணைக்கட்டுக்குப் பக்கத்தில் கட்டியது. அணையைக் கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் எஞ்சினியர்கள்தான் அதையும் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ட்ரம்ஸ்காரர் ஒரு ஞாயிறு பயிற்சிக்கு வந்து, உடைந்த தமிழில் சொன்னார்: “இங்கிலீஸ்காரன் பாலம் கட்டுறான். எதுக்கு? அறுக்கிறதுக்கு!” ஐந்து பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதுதான் நான் அவர்களை ஒன்றாகப் பார்த்த கடைசி மாதங்களில் ஒன்று.

1983 ஜூலை 26. தமிழருக்கு எதிரான கலவரத்தின் தீ கண்டிக்கும் வந்தது. கடை போனது, மாடி போனது, டெக்கும் கசெட்டுகளும் போயின. களஞ்சியத்தில் அரிசியோடு எம்பிளிஃபயரும் எரிந்தது. நாங்கள் மூன்று இரவு தெரிந்த ஒருவர் வீட்டுக் குசினியில் இருந்தோம். யார் செய்தார்கள், எப்படி நடந்தது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், இந்தக் கட்டுரை அதற்கல்ல. கிற்றார்காரருக்கு, மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் 1964 ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வந்து பெட்டியில் கிடந்தது. போவதா வேண்டாமா என்று நாலைந்து வருடம் இழுத்தடித்தவர், அந்த வருடக் கடைசியில் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார். கோத்தகிரியில் இறங்கியதாகக் கடிதம் வந்தது. கிற்றாரை விற்றுத்தான் வழிச்செலவுக்கு எடுத்தாராம். டிஸ்பென்சரிக்காரர் தோட்டத்தை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரே வருடத்தில் ஒரு குழு எங்கள் தீவின் படத்தோடு அமெரிக்கா ஏறியது. இன்னொரு குழு எங்கள் களஞ்சியத்தில் கலைந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லைதான். என் மனதில் மட்டும் இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன.

விக்டோரியா அணையை 1985 ஏப்ரலில் மார்கரட் தட்சர் வந்து திறந்துவைத்தார். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. டுரான் டுரான் இன்னும் இருக்கிறது. 2022இல் அமெரிக்காவின் ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர்கள் பெயர் பதிந்தது. அன்றைக்கு ஆண்டி டெய்லர் புற்றுநோயினால் வர முடியவில்லை, அவர் எழுதிய கடிதத்தை லெ பொன் வாசித்தார். வயதாகிவிட்டது எல்லோருக்கும்.

போன வருடம் மகளோடு சிகிரியா ஏறினேன். முழங்கால் வலிக்கு நடுவே 1,200 படி. உச்சியில் நின்று தொலைபேசியில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவள், “இவங்க சரி, உங்க கண்டி பார்ட்டி பாட்டு எங்கே, அதப் போடுங்க” என்றாள்.

போட ஒன்றும் இல்லை. ஒரு படம் இல்லை, ஒரு கசெட் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் கல்யாண வீட்டில் ரேடியோ கசெட்டை மேசையில் வைத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்காத வீடு குறைவு. மாப்பிள்ளை அழைப்பு, மேளம், பாட்டு, நடுவே பாத்திரச் சத்தம், எல்லாம் பதிவாகியிருக்கும். கண்டி, மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1983க்கு முந்தைய கல்யாணக் கசெட் ஏதாவது உங்கள் அலுமாரியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நாடா ஒட்டிப்போயிருந்தால் போட்டுச் சுற்றாதீர்கள், அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரதி எடுங்கள். உறையின்மேல் மாப்பிள்ளை, பெண் பெயர் ஏற்கனவே இருக்கும். அதற்குக் கீழே வாசித்தவர்களின் பெயரையும் எழுதிவையுங்கள்.